சுறா எண்ணெய் குடித்த பியானோ

1. எண்ணெய்ப்பூச்சு நாள்

"ஆசாரி, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வந்துகீறோம். இன்னான்னு கேளேன்!"

தண்டல் எல்லப்பன் இப்படிச் சிரித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாலே எங்கேயோ எதுவோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தண்டல் என்றால் படகின் தலைவன். அலை அடிக்கிற கடலில் சரக்கை நனையாமல் கரை சேர்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கரைக்கு வந்துவிட்டால் அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அன்று வியாழக்கிழமை. அவன் கை இரண்டும் முழங்கை வரை பளபளத்தன. வாடை என் மூக்கைத் துளைத்தது. சுறா எண்ணெய்!

மழைக்காலம் முடிந்து தை வெயில் ஏறியதும் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் படகுகளை மணலில் ஏற்றிக் காயவைத்துச் சுறா எண்ணெய் பூசுவார்கள். மரம் வெடிக்காது, உப்புக் காற்று அரிக்காது. படகுக்குப் பூசிய பிறகு மிச்ச எண்ணெயை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். தாங்கள் கப்பலிலிருந்து கரையேற்றிய பொருள் எதுவோ, அதற்கெல்லாம் ஒரு கை பூசுவார்கள். சரக்குக் கிட்டங்கியின் தராசுக்கு, மாதா கோயில் மணி தொங்கும் தூணுக்கு, சுங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு. "நாங்க கரையேத்துனது, எங்க பொறுப்பு" என்பார்கள். அது அவர்கள் வழக்கம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"இன்னாடா பண்ணீங்க?" என்றேன்.

"தொரையோட பொட்டிக்கு எண்ண போட்டாச்சு."

பெட்டி என்று அவன் சொன்னது பியானோவை. "காலுக்குத்தானே?"

"காலுக்கு மட்டும் போட்டா ஆவுமா? படகுக்கு உள்பக்கம்தானே மொதல்ல பூசுவோம்? மூடியத் தொறந்து உள்ள நல்லா ஊத்தி ஊற வுட்டுட்டோம். பாவம் ஆசாரி, உள்ள எல்லாம் வறவறன்னு காஞ்சி கெடந்துச்சி."

என் கையிலிருந்த உளி என் கால் பக்கத்திலேயே விழுந்தது. விரல் தப்பியது என் அதிர்ஷ்டம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

2. கடல் இல்லாத நாட்டுக்காரர்

என் பெயர் பொன்னுசாமி ஆசாரி. பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த கடைசிக் காலத்தில் அவர்கள் கிட்டங்கியில் தச்சு வேலை பார்த்தேன். இன்றைக்குச் சென்னப்பட்டணத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போகிற ஆசாரிகளில் எங்கள் ஊர்க்காரர்கள்தான் அதிகம். 'துணிக்கட்டுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்த உங்களுக்கு இந்த வேலை எப்படி வந்தது?' என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஒரு உங்கேரி நாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் இஷ்த்வான். உங்கேரி என்பது கடலே இல்லாத நாடாம். கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, குதிரைகள். அங்கே பிறந்து, பால் மணம் மாறுமுன் வியன்னா நகரத்துக்குப் போய்ப் பியானோ கற்று, பிரபுக்கள் வீட்டில் வாசித்து, சொந்தமாகவும் இசை எழுதியவர். பிறகு ஒல்லாந்துக்குப் போயிருக்கிறார். பழவேற்காட்டுக்கு அதிகாரியாகக் கிளம்பிய பெரிய துரை, தன் பெண்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க இவரையும் இவர் மனைவியையும் இவருடைய பியானோவையும் சேர்த்துக் கப்பலேற்றினார். மனைவி வந்து சேரவில்லை. நடுவழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளையும் சரக்கையும் கொண்டுவர வேண்டும். எல்லப்பனின் படகில் பியானோவும் இஷ்த்வான் துரையும் வந்தார்கள். படகில் இருந்த அத்தனை பேரும் தொப்பலாக நனைந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் மணலில் இறக்கும்போது ஒரு கால் முறிந்துவிட்டது. அதற்குக் கால் செய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது துரை பெட்டியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவில்லை. எல்லப்பன்தான் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான்.

துரை தமிழ் கற்றதும் குப்பத்தில்தான். பெரிய துரையின் பங்களாவில் பேச ஆள் இல்லாமல் மாலையில் படகுத்துறைக்கு வந்துவிடுவார். அதனால் அவர் தமிழ் அப்படியே எல்லப்பன் தமிழ். பழுப்புத் தாடியும் நீலக் கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரர் "இன்னா ஆசாரி, சோறு துன்னியா?" என்று கேட்டால் புதிதாகப் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

நான் செய்த கால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு ஒரு கட்டை இறுகினால் கூப்பிட்டார், மூடி உப்பினால் கூப்பிட்டார். ஒருநாள் திருகுசாவியை என் கையில் கொடுத்தார். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே தோல் போர்த்திய சுத்தி ஒன்று எழும்பி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு கம்பியை ஒன்றாக அடிக்கும். ஒவ்வொரு கம்பியும் மரத்தில் இறக்கிய ஒரு இரும்பு முளையில் சுற்றியிருக்கும். முளையைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

"கேளு ஆசாரி. ரெண்டு கம்பியும் சண்ட போடுது. வவ் வவ் வவ்னு கேக்குதா?"

"கேக்குது தொர."

"சமாதானம் ஆவுற வரிக்கும் திருகு. ஆனதும் கைய எடுத்துடு. அதுக்கு மேல போனா மறுபடி சண்ட."

இவ்வளவுதான் பாடம். இன்றுவரை இதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

3. ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் சீமாட்டி

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஒல்லாந்துக்காரர் ஊரை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைக்கப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. பெரிய துரை குடும்பத்தோடு ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்குக் கிளம்புகிறார். கப்பல் வந்து நின்றாகிவிட்டது. இஷ்த்வான் துரையும் அவர்களோடு போக வேண்டியதுதான். பிழைப்பு இல்லாத வெள்ளைக்காரரை இங்கிலீஷ்காரர் இங்கே தங்க விடமாட்டார்கள்.

ஆனால் அவரால் கப்பலில் கால் வைக்க முடியாது. என்னிடம் ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "ஆசாரி, அவ இந்தக் கடல்லதான் கீறா. நான் அந்தத் தண்ணி மேல போவ மாட்டேன். கரையில இருந்து பாத்துக்கினு இருப்பேன். அது போதும்." ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பெட்டி மூடிக்குப் புதுக் கீல் போடலாமா என்று கேட்டு வைத்தேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு இங்கிலீஷ் சீமாட்டி ஞாயிற்றுக்கிழமை மாலை வருகிறாள். அவள் இவர் வாசிப்பைக் கேட்டு, பிடித்திருந்தால், தன் பெண்களுக்கும் தன் சிநேகிதிகளின் பெண்களுக்கும் வாத்தியாராக வைத்துக்கொள்வாள். அவள் ஒரு சொல் சொன்னால் அவர் இங்கே தங்கலாம். பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கப்பல்.

பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்ததால் பியானோவை அங்கிருந்து இஷ்த்வான் துரையின் சின்ன வீட்டுக்கு மாற்றியிருந்தோம். பங்களாவில் காவல்காரன் உண்டு. எண்ணெய்க்காரர்களை வாசல்படி தாண்ட விடமாட்டான். இந்த வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. துரை பெரிய துரையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் எல்லப்பன் ஆட்களோடு உள்ளே போய்விட்டான்.

நான் ஓடினேன். எல்லப்பன் தன்னைப் பாராட்டத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, பின்னாலேயே வந்தான். நாங்கள் போய்ச் சேரவும் துரை வரவும் சரியாக இருந்தது. வாடையே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மூடியைத் தூக்கினார். வலது பாதி தப்பித்திருந்தது. இடது பாதியில் கம்பியும் முளையும் சுத்தித் தோலும் எண்ணெயில் மிதந்தன. ஒரு கட்டையை அழுத்தினார். ஈரச் சாக்கைத் தட்டினதுபோல் 'தொப்' என்றது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் தொப்.

துரை உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் எல்லப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"நீ கப்பல்ல போப்போறேன்னு சொல்லிக்கிறாங்க தொர. பொட்டியும் கூட வரும். உப்புக் காத்துல அத்தினி நாளு கெடந்தா இன்னாத்துக்கு ஆவும்? அதான் பயணத்துக்குத் தாங்கறாப்புல கெட்டியாப் போட்டோம். இது படகுல மிஞ்சின எண்ண கூட இல்ல தொர, என் ஊட்டுக்கு வெச்சிருந்தது."

துரை எழுந்து அவனுடைய எண்ணெய்க் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பூசிக்கீற எல்லப்பா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் செய்த வேலையால் அவர் கப்பலேறப் போகிறார், அவரானால் இவனுக்கு நன்றி சொல்கிறார்! "டேய் மடையா, எண்ண பட்டா அது பாடாதுடா! ஞாயித்துக்கெழம பாடலன்னா தொரைக்கு இங்க சோறு கெடையாதுடா!" என்று கத்தினேன். எல்லப்பன் என்னைப் பார்த்தான், துரையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவ்வளவு பெரிய மீசை வைத்தவன் அங்கேயே குந்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

4. தவிடும் தோலும்

அழுகைச் சத்தம் கேட்டு வந்தவள் எல்லப்பன் பெண்டாட்டி தேசம்மா. விஷயத்தைக் கேட்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன்யா, ஊட்டுக் கூரையில ஓல மாத்துன்னு பொங்கலுக்கு முன்ன புடிச்சி சொல்றேன், கையி வர்ல. தொர ஊட்டுப் பொட்டின்னா மட்டும் கையி நீளுதா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எண்ண எடுக்கணும், அவ்ளோதானே? தண்ணி படலாமா?"

"கூடவே கூடாது."

"அப்ப தவிடு."

சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறவர்கள் அந்தப் பெண்கள்தான். கையில் படிந்ததை எப்படிப் போக்குவது என்று அவர்களுக்கு அத்துப்படி. தவிட்டை வாணலியில் சூடாக்கிக் கொண்டுவந்து இடது பக்கம் முழுவதும் கொட்டினார்கள். தவிடு எண்ணெயை இழுத்தது. தென்னை நாரால் கூட்டி அள்ளினார்கள். மறுபடி கொட்டினார்கள். கம்பி ஒவ்வொன்றையும் சுண்ணாம்புத் தூள் தொட்ட துணியால் உருவி உருவித் துடைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கம்பிகள் பேச ஆரம்பித்தன. எனக்கு உயிர் வந்தது. திருகுசாவியை எடுத்துச் சுருதி சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை வந்து அழுத்திப் பார்த்தால் எல்லாக் கம்பியும் தொய்ந்து கிடந்தது. முளை இறங்கியிருக்கும் துளைக்குள் எண்ணெய் போய்விட்டது. மரம் முளையைப் பிடிக்கவில்லை. திருகினால் நிற்கிறது, கையை எடுத்தால் மெதுவாகத் திரும்புகிறது. முளையைப் பிடுங்கித் துளைக்குள் சுண்ணாம்பு அடைத்தேன். வழுக்கியது. காகிதம் சுற்றினேன். காகிதமும் எண்ணெய் குடித்து வழுக்கியது. பெரிய முளை போடலாம் என்றால் ஊரில் இல்லை. கோபத்தில் கருவிப்பையைத் தூக்கித் தரையில் எறிந்தேன்.

பையிலிருந்து விழுந்தவற்றில் சுறாத் தோலும் இருந்தது. மரத்தை வழவழப்பாக்க எங்கள் பக்கத்துத் தச்சர்கள் எல்லோரும் அதைத்தான் தேய்ப்பார்கள். காய்ந்த சுறாத் தோல் ஒரு பக்கம் முழுவதும் முள்முள்ளாக இருக்கும். குனிந்து எடுத்து விரலால் தடவினேன். உயிரோடு இருந்தபோது இதே எண்ணெயை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்த மீனின் தோல்தானே இது! எண்ணெய்க்கு இது பயப்படுமா?

விரல் நகம் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முள் பக்கம் மரத்தைப் பார்க்கும்படி முளையில் சுற்றித் துளைக்குள் அடித்து இறக்கினேன். திருகினேன். கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. கையை எடுத்தேன். அசையவில்லை.

"எல்லப்பா! ஊட்ல சுறாத் தோலு எவ்ளோ கீது?"

அவன் ஓட்டமாக ஓடினான். குப்பத்தில் இருந்த அத்தனை தோலையும் வாரிக்கொண்டு வந்தான். அவன் வெட்டிக் கொடுக்க, நான் சுற்றி இறக்க, ஞாயிறு மதியம் இடது பாதி முழுவதும் முடிந்தது.

சுத்திகளின் தோலுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. எண்ணெய் குடித்து உப்பி மெத்தென்று ஆகிவிட்டது. மாற்ற நேரமும் இல்லை. துரை வாசித்துப் பார்த்தார். இடது கைப் பக்கம் முன்னைப்போல் கணீரென்று கேட்கவில்லை. அடங்கி, கனத்து, அடியிலிருந்து வந்தது. துரை தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அதையே வாசித்துக்கொண்டிருந்தார்.

"இத்த வுட்டுடு ஆசாரி. இது வேற மாதிரி கீது. நல்லாக் கீது."

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

5. கைக்குட்டை

சீமாட்டி வந்தாள். வாசற்படியிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சத்தத்தைச் சரிசெய்த நாங்கள் வாடையைப் பற்றி யோசிக்கவே இல்லை! வீடே சுறா ஈரல் காய்ச்சும் அடுப்பாக நாறியது. மூன்று நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. அவள் ஏதோ கேட்டாள். துரையின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னா நாத்தம்னு கேக்குது ஆசாரி. இன்னா சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க தொர. வேற இன்னாத்தச் சொல்லுவீங்க?"

சொன்னார். அவர்கள் பாஷையில் சொன்னாலும் கையைப் பார்த்து எனக்குப் புரிந்தது. கடலைக் காட்டினார், படகைக் காட்டினார், ஜன்னலுக்கு வெளியே நின்ற குப்பத்துச் சனங்களைக் காட்டினார். எல்லப்பன் முகத்தைத் தேசம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சீமாட்டி ஜன்னல் வரை போய் அவர்களை நன்றாகப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

துரை வாசித்தார். பெரிய துரையின் பங்களாவில் வாசிக்கிற ஆட்டப் பாட்டு எதையும் எடுக்கவில்லை. மனைவிக்காக இங்கே வந்து எழுதியதை எடுத்தார். விடிகாலையில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் தனியாக வாசிப்பது அது. எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பாட்டைக் கேட்கவே இல்லை. என் கண் இடது பக்க முளைகளின் மேலேயே இருந்தது. ஒன்று நழுவினாலும் அவர் திங்கட்கிழமை கப்பலில். வலது கை முடித்துவிட்டு இடது கை மட்டும் அடியில் போய்க்கொண்டிருந்தபோது முளைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். ஒரு முளைகூட அசையவில்லை. வாசித்து முடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கடைசிச் சத்தம் அறைக்குள் நின்றுகொண்டே இருந்தது. அதை மட்டும் கேட்டேன். சமாதானமாக இருந்தது.

சீமாட்டி எழுந்து துரையிடம் என்னவோ சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"எல்லப்பா! நான் எங்கியும் போவல!"

வெளியே கிளம்பிய கூச்சலில் சீமாட்டியின் பல்லக்குத் தூக்கிகள் பயந்துபோனார்கள்.

6. மிச்சம்

சென்னப்பட்டணத்தில் வீடு தருகிறேன் என்று சீமாட்டி சொன்னாள். துரை ஒத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டு ஏரியில் எல்லப்பன் படகிலும், அதற்கு மேல் பல்லக்கிலுமாகப் போய்ப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கேயே திரும்புவார். திருகுசாவியோடு நானும் கூடப் போவேன். அப்படித்தான் பட்டணத்துப் பியானோக்கள் என் கைக்கு வந்தன, பிறகு எங்கள் ஊர் ஆசாரிகள் கைக்கு வந்தன. அவர் எழுதிய இசையை இன்றும் அங்கே சீமாட்டிகள் படியெடுத்து வாசிக்கிறார்கள். இடது கைப் பகுதிக்கு மேல் அவர் தன் பாஷையில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாமல் என்னிடம் கேட்பார்கள். 'எண்ணெய் போட்ட மாதிரி வாசிக்கவும்.' சொன்னால் நம்பமாட்டார்கள். அன்றைக்கு அவர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை என்பது எனக்கே அந்த வரிக்கு அவர் அர்த்தம் சொன்னபோதுதான் புரிந்தது. அந்தச் சுத்தித் தோலைக் கடைசிவரை மாற்ற விடவில்லை அவர்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். முளை வழுக்கினால் சுறாத் தோல், முள் பக்கம் மரத்தைப் பார்த்து. அடுத்தது, ஒரு பெட்டியைத் திறப்பதற்கு முன் அதைக் கரையேற்றியவர்கள் யார் என்று விசாரியுங்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பெட்டி யாருடையது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இஷ்த்வான் துரை தலை நரைத்து, நிறைய நாள் இருந்து, ஒரு மாசி மாதம் தன் படுக்கையில் காலமானார். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் கடல் காற்று வருகிற மூலையில் இடம் கிடைத்தது. அவர் இருந்தவரை ஒவ்வொரு எண்ணெய்ப்பூச்சு நாளுக்கும் எல்லப்பன் வாசலில் வந்து நின்று, "கால மட்டும் பூசிக்கலாமா தொர?" என்று கேட்பான். துரை காலை மட்டும் காட்டுவார்.

அவர் போன பிறகு பெட்டியைப் பட்டணத்து மாணவி ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அடுத்த தை மாதம் நான் கல்லறைப் பக்கம் போனபோது எல்லப்பன் மண்டியிட்டு உட்கார்ந்து துரையின் கல்லுக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். மீசை வெளுத்துவிட்டது. கல் கறுகறுவென்று மின்னியது.

"டேய், கல்லுக்கு எதுக்குடா எண்ண?" என்றேன்.

"தொரையக் கரையேத்துனது நாங்கதானே ஆசாரி? காய வுட்டுட முடியுமா?" என்றான்.

எண்ணெய்க் கொட்டாங்கச்சியை அவன் கையிலிருந்து வாங்கி, கடல் பக்கத்தை நான் பூசினேன்.